அப்பமும் பாத்திரமும்: பரிசுத்த வார நாட்குறிப்பு

மார்ச் 29, 2026, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. முதல் முறையாகத் திருவிருந்தில் பங்கு பெறப்போகும் பிள்ளைகளுக்கு இந்த வாரம் நான்தான் வகுப்பெடுக்கிறேன். அப்பமும் திராட்சரசமும் எதைக் காட்டுகின்றன என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சுவிசேஷங்களைத் தள்ளி வைத்துவிட்டு அப்போஸ்தலன் பவுலிடமிருந்து தொடங்கினேன். இயேசு சிலுவைக்கு முந்தின இரவில் சீஷர்களோடு உண்ட கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நம் கைக்கு வந்திருக்கும் எழுத்துகளில், கொரிந்து சபைக்கு அவர் எழுதிய கடிதமான 1 கொரிந்தியரின் 11ஆம் அதிகாரம்தான் மிகப் பழையது. கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது.

அதைப் பவுல் எழுத நேர்ந்த காரணத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. கொரிந்து சபையில் அப்பம் இருந்தது, ரசம் இருந்தது, கூடிவருதலும் இருந்தது. ஆனால் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல்; வெறி என்றால் குடிவெறி. நீங்கள் செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். இதற்குப் பிறகுதான் "இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்ற வசனம் வருகிறது. நாம் ஆராதனையில் கேட்கும் அந்த வார்த்தைகள் பசித்திருந்தவர்களுக்காக நடந்த ஒரு வழக்கின் நடுவே நிற்கின்றன. அதிகாரம் எப்படி முடிகிறது என்றால், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற கட்டளையோடு.

அப்படியானால் பொருள் அப்பத்துக்குள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. அது பிட்கப்பட வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும். இந்த வாரம் முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மார்ச் 30, திங்கள்

இன்றைய வகுப்பு அப்பத்தைப் பற்றி. ஏன் கோதுமை மணி இல்லை, ஏன் அப்பம்? ஏன் திராட்சைக் குலை இல்லை, ஏன் ரசம்? இரண்டுமே மனிதக் கைபட்டவை. விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், சுட்டவர் எல்லாரும் அந்த மேசைக்கு வந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் காணிக்கை ஜெபம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமான அப்பம்.

இன்னொன்று, இரண்டுமே நசுங்காமல் உண்டாவதில்லை. கோதுமை அரைபட வேண்டும், திராட்சை மிதிபட வேண்டும். இயேசுவின் பாடுகளின் கதையை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் அந்தப் பொருட்களே சொல்கின்றன.

திதாகே என்ற ஆதிச் சபையின் சிறுநூலில் ஒரு ஜெபம் உண்டு. மலைகள்மேல் சிதறிக் கிடந்தது கூட்டிச் சேர்க்கப்பட்டு இந்த ஒரே அப்பமானதுபோல, உமது சபையும் பூமியின் எல்லைகளிலிருந்து கூட்டிச் சேர்க்கப்படட்டும் என்பது அதன் கருத்து. இந்த நூலின் முழுப் பிரதி 1873இல்தான் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அதில் பாத்திரத்துக்கான ஜெபம் முதலில் வருகிறது, அப்பம் பிறகு. லூக்காவிலும் அப்பத்துக்கு முன் ஒரு பாத்திரம், பின் ஒரு பாத்திரம் என்று இரண்டு வருகின்றன. வரிசையை விடவும் கூட்டிச் சேர்த்தல்தான் ஆதிச் சபைக்குப் பெரிதாக இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீனார் இதையே இன்னும் நெருக்கமாகச் சொல்வார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பார்த்து, மேசையில் இருப்பது உங்கள் மறைபொருள்தான் என்றார். நீங்களே கோதுமை, நீங்களே அரைக்கப்பட்டீர்கள், ஞானஸ்நானத் தண்ணீரில் பிசையப்பட்டீர்கள், ஆவியின் நெருப்பில் சுடப்பட்டீர்கள். காண்பது எதுவோ அதுவாக இருங்கள் என்றார். பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

பாத்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, இரத்தம்னு சொல்லிக் குடிக்கச் சொல்றாங்களே, அது பயமா இல்லையா?"

பயம்தான். அந்தப் பயத்தை அவசரமாகத் துடைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கடைசி இராப்போஜனம் நடந்த மேல்வீட்டறையில் உட்கார்ந்திருந்தவர்கள் யூதர்கள். லேவியராகமம் 17 இரத்தத்தைப் புசிக்கவே கூடாது என்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, உயிர் தேவனுக்கு உரியது. யோவான் 6இல் இயேசு தம் மாம்சத்தையும் இரத்தத்தையும் பற்றிப் பேசியபோது, இது கடினமான உபதேசம் என்று சீஷர்களில் பலர் திரும்பிப் போனார்கள். அவரோ தம் பேச்சை இளக்கவில்லை.

யாத்திராகமம் 24ஐச் சேர்த்து வாசித்தோம். மோசே இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார், மீதியை ஜனங்கள்மேல் தெளித்து, இது உடன்படிக்கையின் இரத்தம் என்கிறார். அங்கே அது மேலே பட்டது. இங்கே, பாத்திரத்தின் வழியாக, உள்ளே போகிறது. தேவனுக்கு மட்டுமே உரியது என்று வேலி போட்டு வைத்திருந்த உயிரை, தேவனே எடுத்து மனிதரிடம் நீட்டுகிறார். தடை நீங்கிவிட்டது என்று லேசாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தடை இருந்ததால்தான் இந்தக் கொடையின் எடை தெரிகிறது.

அப்புறம், பாத்திரத்தில் துக்கம் மட்டும் இல்லை. மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் ரசம் என்று 104ஆம் சங்கீதம் பாடுகிறது. தேவனுடைய ராஜ்யத்தில் நவமானதைப் பானம்பண்ணும் நாள் வரும் என்று அந்த இரவிலேயே இயேசு சொல்கிறார். ஒரே பாத்திரத்தில் இயேசு வியாகுலப்பட்டு ஜெபித்த கெத்செமனேயும் இருக்கிறது, அவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கலியாணமும் இருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

புளித்த மாவா, புளிப்பில்லாததா? கிழக்குச் சபைகளில் பெரும்பாலும் புளித்த அப்பம். உயிர்த்தெழுந்தவரின் ஜீவனுக்கு அது அடையாளம். மேற்கில், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதன் பண்டிகையான பஸ்காவை நினைத்துப் புளிப்பில்லாதது. 1054இல் கிழக்கும் மேற்கும் பிரிந்த பிரிவினையின் சச்சரவுகளில் இதுவும் ஒன்று. திராட்சரசமா, புளிக்காத சாறா என்பது பிந்திய கேள்வி. 1869இல் அமெரிக்க மெதடிஸ்டான தாமஸ் வெல்ச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்த பிறகு பல சபைகள் அதற்கு மாறின. இவற்றில் அதிக நேரம் செலவிடவில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். மாலையில் ஒரு பையன் கேட்டது: இது நிஜமா, அடையாளமா?

இதற்காகவே 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 15 குறிப்புகளில் 14இல் ஒத்துப்போனார்கள். கடைசிக் குறிப்பில், கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் எப்படி இருக்கிறது என்ற இடத்தில், பிரிந்தார்கள். "இது என்னுடைய சரீரம்" என்ற வார்த்தையை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். ஸ்விங்லிக்கு அது சரீரத்தைக் குறிக்கிறது. கத்தோலிக்கச் சபையோ 1551இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில், அப்பத்தின் உட்பொருளே மாறுகிறது, தோற்றம் மட்டும் நிற்கிறது என்று உறுதிப்படுத்தியது.

அடையாளம் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாத்திராகமம் 12இல், முதல் பஸ்கா இரவில், வாசல் நிலைக்கால்களில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தமும் அடையாளம் என்றே சொல்லப்படுகிறது. அந்த அடையாளம் வீட்டுக்குள் இருந்தவர்களைக் காப்பாற்றியது. வேதத்தில் அடையாளம் சும்மா நிற்பதில்லை, வேலை செய்கிறது. பையனிடம் இதைத்தான் சொன்னேன். அவன் இன்னும் யோசிக்கிறான். யோசிக்கட்டும்.

யோவான் சுவிசேஷம் இந்த இரவில் அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த இடத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பவுல் கொரிந்தியரிடம் கோபத்தோடு கேட்டதை, யோவான் ஒரு பாத்திரத் தண்ணீரும் சீலையும் வைத்துக் காட்டிவிடுகிறார்.

ஏப்ரல் 5, உயிர்த்தெழுதலின் ஞாயிறு

பிள்ளைகள் இன்று பங்கு பெற்றார்கள். சந்தோஷம்.

மாலையில் இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளரான யுஸ்தீனை எடுத்தேன். கி.பி. 155 அளவில் ரோமப் பேரரசர் அந்தோனினுஸ் பியுஸுக்கு எழுதிய விளக்கம். கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி என்ன செய்கிறார்கள் என்று வெளியாள் ஒருவருக்குச் சொல்கிறார்: வாசிப்பு, ஜெபம், அப்பம், தண்ணீர் கலந்த ரசம். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கைக் கொண்டுபோகிறார்கள். மூச்சு விடாமல் அடுத்ததாகக் காணிக்கையைச் சொல்கிறார்: அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், அந்நியர்கள் எல்லாருக்கும் அதிலிருந்து உதவி. அப்பமும் உதவியும் அவருக்கு ஒரே பத்தியில் வருகின்றன.

ஆயர் இந்த வாரம் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கப் போகிறார். பிள்ளைகளில் இருவர் கூட வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வீடுகளில் வேறு என்ன தேவை என்றும் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ஆயரிடம் பேச வேண்டும்.