தீர்த்தமலை வழியில் வண்டி நின்றால்

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்துத் தீர்த்தமலைச் சிவன் கோவிலுக்குக் கிளம்பிய கார் ஊத்தங்கரை தாண்டி ஓரங்கட்டி நின்றுவிட்டால், பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களிடமிருந்து முதலில் வரும் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "சாமி உத்தரவு குடுக்கலப்பா, திரும்பிப் போயிரலாம்." நேர்த்திக்கடனுக்காகப் புறப்பட்ட குடும்பம் என்றால் அந்த வார்த்தை இன்னும் கனமாக விழும். ஓட்டுகிறவர் பதறிப்போய் இறங்கி, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியில் கை வைப்பார். முகமும் கையும் வெந்துபோவது அந்த அவசரத்தில்தான்.

தாமதத்துக்காகத் திரும்பிப் போகவே கூடாத மலை ஒன்று உண்டென்றால் அது தீர்த்தமலை. அதன் தலபுராணமே ஒரு தாமதத்தின் கதை. ராவண வதம் முடித்துத் திரும்பும் ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்து, காசியிலிருந்து தீர்த்தமும் மலரும் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வந்து சேரவில்லை. பூஜை நேரம் நெருங்குகிறது. ராமர் பாணத்தை எடுத்து மலையில் எய்ய, பாறையிலிருந்தே தீர்த்தம் பெருகுகிறது. அதில் அபிஷேகம் முடிகிறது. பிறகு வந்த அனுமன், தான் கொண்டுவந்த தீர்த்தம் பயன்படவில்லையே என்ற கோபத்தில் பாத்திரத்தை வீசி எறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுகிறது. அந்த இடம் அனுமந்தீர்த்தம். அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த தண்ணீரையும் ஈசன் தள்ளிவிடவில்லை. அனுமந்தீர்த்தத்தில் முதலில் நீராடி, அதன்பின் மலையேறி ராமர் தீர்த்தத்தில் நீராடுவதே இன்றுவரை முறை. தாமதமாக வருகிறவர்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, பானெட்டைத் திறக்கப் போகலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்களுக்கு மத்தூர், ஊத்தங்கரை, அனுமந்தீர்த்தம் என்று வழி இயல்பாகவே அந்த வரிசையில் அமைகிறது. தர்மபுரியிலிருந்து என்றால் மொரப்பூர் வழியாக அரூர் வந்து, அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர். எந்த வழியாக வந்தாலும் கடைசி நீளத்தில் கிராமங்கள்தான். கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஃபியூஸ், டயருக்குக் காற்று என எதுவாக இருந்தாலும் அரூரிலோ ஊத்தங்கரையிலோ பார்த்து முடித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பக்கத்தில் வண்டி நிற்பதற்கு முதல் காரணம் சூடு. சித்திரை, வைகாசி வெயில், ஏழு பேர் ஏறிய வண்டி, டிக்கி நிறைய சாப்பாட்டுத் தூக்குகள், முழு வேகத்தில் ஏசி. இவ்வளவும் சேர்ந்தால், ஊருக்குள் ஓடும்போது தெரியாமலிருந்த சின்னக் கோளாறு வெளியே வந்துவிடும். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைக்க வேண்டும். உடனே நிறுத்த இடமில்லை என்றால் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னல்களை இறக்கிவிடலாம். உள்ளே வெந்துபோகும், உண்மைதான். ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். இடம் கிடைத்ததும் நிழலில் ஓரங்கட்டி, முள் சிவப்பைத் தொட்டிருந்தால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

அதன்பின் அரை மணி முதல் முக்கால் மணி வரை எதையும் தொடக்கூடாது. மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் விடுபட்டு, கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். இந்தக் காத்திருப்புக்குத்தான் நம்பிக்கை உண்மையிலேயே கைகொடுக்கிறது. தீர்த்தமலை முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். தெரிந்தவர்கள் அதைச் சொல்லலாம். தெரியாத வீட்டில் சிவபுராணத்தை ஒருவர் சொல்ல மற்றவர்கள் தொடர்ந்து சொன்னால் போதும். குழந்தைகளுக்குப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். வாய் நாமத்தைச் சொல்லும்போது கை மூடியைத் திறக்கப் போகாது. பிரார்த்தனை எஞ்சினைக் குளிர்விக்குமா என்று கேட்பவர்கள், அது ஓட்டுகிறவரைக் குளிர்விப்பதை ஒருமுறை பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

ஆறிய பிறகு, தடித்த துணியை மூடிமேல் போட்டு, கால் சுற்று மட்டும் திருகி, சீறல் அடங்கும்வரை நின்று, பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. சூடான சிலிண்டர் ஹெட் சட்டென்று சுருங்கினால் விரிசல் விழும் அல்லது கோணும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டபடி, சாதாரணச் சூட்டிலுள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே சரி. சின்னக் காரின் குளிர்விப்பு அமைப்பு மொத்தமும் ஏறக்குறைய 5 லிட்டர்தான் கொள்ளும்; எனவே குடிக்க வைத்த தண்ணீர் போக 5 லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் தனியாக இருக்கட்டும். அனுமந்தீர்த்தத்தில் வீட்டுக்கென்று பிடித்த தீர்த்தத்தை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டோமே என்று வருந்தும் தாய்மாரும் உண்டு. குடும்பத்தைச் சந்நிதியில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயன்பட்ட தீர்த்தம் அது, வருந்த வேண்டாம்.

எதனால் சூடானது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மெதுவாகப் போகும்போதும் நெரிசலிலும் மட்டும் சூடேறி, 60 கிலோமீட்டர் வேகத்தில் முள் இறங்கினால், குற்றவாளி பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பானெட்டுக்கு அடியிலுள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறப் படத்தில் ஃபேனுக்குரிய ஃபியூஸைத் தேடிப் பார்க்கலாம். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போட்டால் வயரிங்கே தீப்பிடிக்கும். வேகமாகப் போகும்போது சூடேறினால், கூலண்ட் குறைந்திருக்கிறது, ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. ரப்பர் ஹோஸ் நுனியில் விரிசல் விட்டு ஒழுகினால், விரிந்த நுனியை மட்டும் கத்தியால் வெட்டிவிட்டு, நீளம் போதுமென்றால் அதே கிளிப்பை மறுபடி மாட்டி அரூர்வரை போய்விடலாம். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். அதன்பின் ஸ்டார்ட் செய்யாமல், இழுத்துப் போகும் வண்டியை அழைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் 1033 எண்ணில் உதவி கேட்கலாம்.

டயர் பஞ்சரில் பிழை நடப்பது வரிசையில். நான்கு வழிச்சாலையில் நின்றால் முதல் வேலை, ஹஸார்டு விளக்கைப் போட்டு எல்லோரையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துவது; பாட்டியைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டு ஜாக்கி போடக்கூடாது. முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரத்துக்குக் கல் அணை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். மாட்டும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் நட்டுகளை இறுக்கி, இறக்கிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்றில்லாமல் நிற்கும் குடும்பங்கள்தான் அதிகம். கிளம்பும் முன்னால் நான்கு சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்கும்போது ஐந்தாவதையும் கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் வேறு கணக்கு. தென்பெண்ணை கிருஷ்ணகிரி அணையைத் தாண்டித்தான் அனுமந்தீர்த்தத்துக்கு வருகிறது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. கரையில் நின்று தலையில் புரோட்சணம் செய்துகொண்டாலே, அதாவது தண்ணீரைத் தெளித்துக்கொண்டாலே, முறை நிறைவேறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளே வெள்ளத்தில் அடித்துப் போயின. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் ஆழம் தெரியாமல் இறக்க வேண்டாம். தண்ணீருக்குள் அணைந்துபோன எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றைப் போல அது சுருங்காது; பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கை வரவழைப்பது ஒன்றே வழி.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போது உள்விளக்கு, பார்க்கிங் விளக்கு, போன் சார்ஜர் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாமி பார்த்து இறங்கி வந்து பேட்டரி இறங்கிக் கிடக்கும் வண்டிகள் இங்கே புதிதல்ல. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போடுவதானால், சிவப்பு நம் பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை நம் எஞ்சினின் வெறும் இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால் அது பேட்டரியை விட்டு விலகியிருக்க வேண்டும்.

மேலே ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மேலே தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை. ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று தீர்த்தங்கள். ராமர் தீர்த்தம் பாறை உச்சியிலிருந்து இழையாக விழுவதற்குக் கீழே நின்று நனையும்போது, வழியில் பட்டதெல்லாம் அப்படியே தேகத்தை விட்டு இறங்கிப்போகும். சோப்பு, ஷாம்பூ அங்கே வேண்டாம். மாற்றுத் துணியும் ஒரு துண்டும் போதும். குரங்குகள் தேங்காய் பழத்தைப் பறிக்கும், பையை மூடியே வைத்திருங்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அடிவாரத்திலும் கோவில் இருக்கிறது. அங்கே அர்ச்சனை செய்துவிட்டு அமரலாம், அதில் குறையொன்றும் இல்லை. வண்டி தாமதமாகி, மதியம் தாண்டி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் மலையேற அவசரப்பட வேண்டாம். இருட்டுவதற்குள் இறங்கிவிட முடியுமா என்று அடிவாரத்தில் கேட்டு, முடியாதென்றால் இரவு அரூரில் தங்கிக் காலையில் ஏறுவது மேல்.

திரும்பித்தான் ஆக வேண்டிய நாளும் உண்டு. கேஸ்கட் போய்விட்டது, குழந்தைக்குக் காய்ச்சல், இருட்டிவிட்டது. அப்போது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, தீர்த்தகிரீஸ்வரரை நினைத்துக் கொண்டு பூஜையறையில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த முடிச்சோடு அடுத்தமுறை வந்து உண்டியலில் சேர்க்கலாம். தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பிரேக் சரியில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதைவிட அந்த முடிச்சு எவ்வளவோ மேலானது.

சேலம் போகிற குடும்பங்கள் தர்மபுரி வழியாகத் திரும்பினால் அதியமான்கோட்டை காலபைரவரைத் தரிசிக்காமல் போவதில்லை. கோவில் பூட்டிய பின் சாவியைப் பைரவர் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவது சிவாலயங்களின் பழைய வழக்கம். ஊருக்கும் கோவிலுக்கும் காவல் நிற்பவர் வழிக்கும் காவல் நிற்பார் என்று சாம்பல் பூசணியைப் பிளந்து அதில் விளக்கேற்றுகிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் தாங்காது, இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குத் திருஷ்டி சுற்றிய பூசணியை மட்டும் நெடுஞ்சாலையில் உடைக்காதீர்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டி அதில் வழுக்கினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் தொப்பூர் கணவாய் தொடங்குகிறது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் அது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கும், பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவர்களுக்கும் ஒரே ஆபத்துதான்: பிரேக் பேட் காய்ந்து பிடி விடும், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் சேரும், மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு இறக்கி, வேகம் ஏறினால் இரண்டாவதுக்கு மாற்றி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். பிரேக்கை இடைவெளி விட்டு, அவ்வப்போது அழுத்தி மிதிக்கலாம். கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், லாரிக்கு முன்னாலும் சட்டென்று பிரேக் போடாதீர்கள். பின்னால் வருவதற்குப் பிரேக் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

வீடு சேர்ந்த மறுநாள், வழியில் ஊற்றிய வெறுந்தண்ணீரை இறக்கிவிட்டு வண்டிக்குரிய கூலண்ட்டை நிரப்பச் சொல்லுங்கள்; தண்ணீரை அப்படியே விட்டால் உள்ளே துருவும் உப்பும் படிந்து, அடுத்த சித்திரையில் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். ஸ்டெப்னி மாட்டியிருந்தால் நட்டுகளை இன்னொருமுறை இறுக்கி, பஞ்சரான டயரை ஒட்டி டிக்கியில் போட்டுவிடுங்கள்.