தீர்மானப் புத்தகத்துல எங்க ஊருணி ஏறின கதை

போன வாரம் டிபார்ட்மென்ட் ஜூனியர் பசங்க சில பேர் கேட்டாங்க, அக்கா அரசியலுக்கு வரணும்னா எந்தக் கட்சில சேரணும்னு. எனக்கு அதுக்குப் பதில் தெரியல, ஆனா எங்க ஊர்ல எனக்கு நடந்தத சொன்னேன், அதையே இங்கயும் எழுதிடறேன், யாருக்காச்சும் உதவும்.

நான் காரைக்குடில எம்எஸ்சி படிச்சேன், ஊரு புதுவயல் பக்கம். காலேஜ்ல ஒரு கூட்டம், இளைஞர்கள் அரசியலுக்கு வரணும்னு பேசினாங்க, எல்லாரும் கை தட்டினோம். வெளிய வந்ததும் என் ரூம்மேட் கேட்டா, "ஏன்டி, உங்க ஊர் கிராம சபைக்கு ஒரு தடவையாச்சும் போயிருக்கியா?" போனதே இல்ல. அந்த ஊர்ல ஓட்டு இருக்கிறவங்க எல்லாருமே கிராம சபை உறுப்பினர்னுகூட அப்பதான் தெரிஞ்சுது.

சரின்னு ஓட்டர் லிஸ்ட்ல பாத்தா என் பேரே இல்ல. 18 முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, புதுசா பேர் சேக்கற படிவம் 6 போடவே இல்ல. போன்லயே போட்டேன், எங்க பூத் ஆபீசர் அங்கன்வாடி டீச்சர்தான், வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனாங்க, கொஞ்ச நாள்ல பேரு வந்துருச்சு. இது ஈஸி.

2023 அக்டோபர் 2, முதல் கிராம சபை. அப்பத்தா கிளம்பும்போதே "ஏத்தா, பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன சோலி"ன்னுச்சு. அப்பத்தா, உள்ளாட்சில பாதி இடம் நமக்குத்தான், 21 வயசு ஆனா நானே நிக்கலாம்னு சொல்லிட்டுப் போனேன். போனதும் ஆளுக்கு முன்னாடி நோட்ட நீட்டி கையெழுத்து கேக்கறாங்க, கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எங்க ஊரு ஜனத்தொகைக்கு 100 பேர் இருந்தாதான் கோரம், அதாவது கூட்டம் நடத்த குறைஞ்சது வேண்டிய ஆளுங்க, அது வர்ற வரைக்கும் மரத்தடில உக்காந்திருந்தோம், கடைசில நூறு நாள் வேலைக்குப் போற அம்மாங்க வந்துதான் நிரப்பினாங்க.

என் விஷயம் ஊருணி. நம்ம பக்கம் மழைத்தண்ணிய நம்பின பூமி, கண்மாயும் ஊருணியும்தான் உசுரு. எங்க ஊருணிக்குத் தண்ணி கொண்டுவர்ற வாய்க்கால், வரத்துக்கால்னு சொல்லுவோம், அது முழுக்க சீமைக்கருவேலம், எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி ரோட்டுலதான் ஓடும். அத மனுவா எழுதிக் குடுத்தேன், எந்திரிச்சுப் பேசினேன், கை நடுங்கிச்சு, ஆனா பேசிட்டேன். "பாக்கறோம்மா"ன்னாங்க, சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டேன்.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கல, ஆபீஸ்ல கேட்டா இந்தா அந்தான்னாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தீர்மான நகல் கேட்டேன், 30 நாள்ல தரணும்னு சட்டம், வந்துச்சு. படிச்சுப் பாத்தா ஊருணி பத்தி ஒரு வரி இல்ல. நான் பேசினது பேச்சாவே போயிருக்கு. அன்னைக்கு நைட் அழுதேன், நெஜமா.

அடுத்து 2024 ஜனவரி 26. இந்த தடவை தனியா போகல, எங்க தெருவுல ஒரு பத்து வீட்டு அம்மாங்க கூட வந்தாங்க, எங்கம்மாவும்தான். மனு ரெண்டு காப்பி, ஒண்ணுல வாங்கினதுக்கு கையெழுத்து. கூட்டம் முடியறப்போ, ஐயா எங்க தீர்மானத்த எழுதி நம்பர் போட்டு சத்தமா வாசிங்க, அப்புறம் கையெழுத்து போடறோம்னு எல்லாரும் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தம், ஆனா எழுதினாங்க, வாசிச்சாங்க. அப்புறம் ஆபீஸ்லயும் அதே நம்பர சொல்லிக் கேட்டோம். கோடைல நூறு நாள் வேலைல வரத்துக்கால் எடுத்தாங்க, எங்கம்மாவே மம்பட்டி புடிச்சாங்க. ஐப்பசி மழைல ஊருணிக்குள்ள செவப்பா தண்ணி எறங்கினத அப்பத்தா கரைல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு.

காரைக்குடி பக்கம் சிராவயல்னா நம்ம பசங்களுக்கு மஞ்சுவிரட்டுதான் தெரியும், ஆனா பின்னாடி கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா, அதான் ப. ஜீவானந்தம், அங்க ஆசிரமம் நடத்தினப்போ அவருக்கு வயசு இருபது சொச்சம்தான். காந்தி அங்க வந்து அவர பாத்துட்டுப் போனாரு. நம்ம மண்ணுல நம்ம வயசுல ஒருத்தர் ஒரு கிராமத்துல உக்காந்துதான் ஆரம்பிச்சிருக்காரு, இதத்தான் ஜூனியருங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்றேன். வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல பாதிக்கு மேல காலேஜ் லீவுதான், தூங்காம ஊருக்குப் போங்கப்பா.

அந்த ஜூனியருங்கள்ல ஒரு தம்பி கல்லல் பக்கத்துக்காரன், நேத்து ஊர்லேந்து போன் பண்ணான். "அக்கா, பழைய தீர்மான நோட்ட காட்டுங்கன்னு கேட்டேன், எதுக்குன்னு கேக்கறாங்க, என்ன சொல்ல?" நான் ஊர்க்காரன், படிக்கணும்னு சொல்லுடான்னேன்.