முயலின் பின்னங்கால்கள் செயலிழந்த பிறகு

மதுரையில் நான் நடத்தும் சிறு விலங்கு மருத்துவமனைக்குப் பெரும்பாலும் நாய்களும் பூனைகளும்தான் வருகின்றன. முயல்கள் எப்போதாவது, அட்டைப்பெட்டியிலோ காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடையிலோ துண்டு விரித்துக் கொண்டுவரப்படுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, முன்னங்கால்களை மட்டும் ஊன்றிப் பின்னுடலை இழுத்துக்கொண்டு நகரும் நிலையில் வருபவை. கொண்டுவருபவர் முதலில் கேட்பது, "கால் திரும்ப வந்துருமா, டாக்டரம்மா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் முயலின் அடிவயிற்றைத் தடவிச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஏனென்றால் கால்கள் வராமல் போனாலும் ஒரு வீட்டு முயலால் நன்றாக வாழ முடியும். சிறுநீர் தேங்கி, தோல் புண்ணாகி, குடல் ஓட்டம் நின்றுபோன முயலால்தான் வாழ முடிவதில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கைகள் வீட்டில் இருக்கின்றனவா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

எங்கள் காலத்துப் பாடத்தில் முயல் ஒரு பண்ணை விலங்கு. 1903இல் தொடங்கப்பட்டு இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், இறைச்சிக்கும் உரோமத்துக்கும் வளர்க்கப்படும் முயலினங்களையும், தீவனக் கணக்கையும், குட்டி ஈனும் இடைவெளியையும் படித்தோம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் வளர்க்கப்படுவது கால்நடைத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பண்ணையில் முதுகெலும்பு முறிந்த முயலைக் கழித்துவிடுவார்கள், அங்கு அது நியாயமான முடிவும்கூட. ஆனால் பெயர் வைத்துக் கூப்பிட்டால் ஓடிவரும் முயலை அப்படிக் கழிக்க முடியாது. அதைப் பேணும் முறையைப் பிற்காலத்து நூல்களிலிருந்தும், அதைவிட அதிகமாக, வளர்ப்பவர்களின் அன்றாடத்தைக் கேட்டும் நான் கற்றுக்கொண்டேன்.

முயலின் முதுகு ஏன் இவ்வளவு எளிதில் முறிகிறது என்பது அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. பூனையின் எலும்புக்கூடு உடல் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் என்றால், முயலுடையது 8 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மெல்லிய எலும்புகளின் மேல், தரையை உதைத்துப் பாய்வதற்கான மிக வலிமையான தொடைத் தசைகள் அமைந்திருக்கின்றன. பின்னுடலைத் தாங்காமல் முயலைத் தூக்கும்போது அது திமிறி உதைத்தால், அந்த உதையின் விசை முழுவதும் இடுப்பு முள்ளெலும்புகளின் கீழ்க்கோடியில், இடுப்புக்கூட்டோடு இணையும் திரிக எலும்புக்குச் சற்று மேலே இறங்குகிறது. அங்கே எலும்பு முறிகிறது அல்லது மூட்டு விலகித் தண்டுவடம் நசுங்குகிறது. அதாவது முயலே தன் முதுகை முறித்துக்கொள்கிறது. காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது கொடுமையானது மட்டுமல்ல, முதுகு முறிவதற்கான நேர்வழியும் அதுதான். ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்தொடைகளுக்கு அடியிலும் இருக்க, முயலின் உடல் நம் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, அது சுகமாக இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அச்சத்தில் விறைத்துக் கிடக்கிறது, அதிலிருந்து விடுபடும் நொடியில் உதைக்கும் உதை ஆபத்தானது.

நான் அதிகம் கற்றுக்கொண்டது பஞ்சு என்னும் வெள்ளை முயலிடம். தீபாவளிக்கு மறுநாள் காலையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதைக் கொண்டுவந்தார். இரவு தெருவில் சரவெடி வெடித்தபோது கூண்டுக்குள் அது தாறுமாறாகப் பாய்ந்திருக்கிறது, காலையில் பார்த்தபோது பின்னங்கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகக் கிடந்தன. கால் விரலைக் கவ்வியால் அழுத்தியபோது கால் சற்று உள்ளிழுத்தது. "உணர்ச்சி இருக்கு பாருங்க" என்று அந்த அம்மா நம்பிக்கையோடு சொன்னார். நான் விளக்க வேண்டியிருந்தது. கால் இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் அனிச்சைச் செயலாக இருக்கலாம், வலி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை அறிய முயல் தலையைத் திருப்புகிறதா, விலக முயல்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சு திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் கடைசி இடுப்பு முள்ளெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. ஆழ்ந்த வலியுணர்வு இல்லாத முயல் மீண்டும் நடப்பது மிக அரிது என்பதை அன்றே சொல்லிவிட்டேன். நம்பிக்கை தருவதாக நினைத்து அதை மறைப்பது, வீட்டாரைத் தவறான ஒன்றுக்காகக் காத்திருக்க வைப்பதாகும்.

எல்லா முயலுக்கும் காரணம் அடிபட்டதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதான முயல்களில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப் பின்கால்கள் மெல்லத் தளர்வதுண்டு. சிலவற்றில் என்செபலிடோசூன் குனிகுலை என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி காரணமாகிறது. இளம் முயல்களைத் தாக்கிய ஒரு தொற்றுவாதமாக 1922இல் ரைட், கிரெய்க்ஹெட் என்னும் இருவர் விவரித்த நோய் இது. இதன் வித்துகள் நோயுற்ற முயலின் சிறுநீரில் வெளியேறி அடுத்த முயலின் வாய்க்குள் போகின்றன, மூளையையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் தாக்குகின்றன. தலை ஒரு பக்கம் சாய்வதும், பின்கால்கள் தள்ளாடுவதும் அறிகுறிகள். ஃபென்பென்டசோல் மருந்தை 28 நாட்கள் தொடர்ந்து கொடுப்பது வழக்கமான சிகிச்சை. இந்த வகையில் ஓரளவு மீள்பவையும் உண்டு என்பதால், காரணத்தைத் தேடாமல் 'வாதம்' என்று கைவிடுவதை நான் ஏற்பதில்லை.

இனிச் சிறுநீர்ப்பைக்கு வருகிறேன். பெரும்பாலான பாலூட்டிகளைப் போலன்றி முயலின் குடல், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது. அதனால் நலமான முயலின் சிறுநீரே கலங்கலாகத்தான் இருக்கும். ஓடியாடும் முயலில் அந்தச் சுண்ணாம்புப் படிவு அவ்வப்போது கலங்கி வெளியேறிவிடும். நகராத முயலில் அது பையின் அடியில் சேறுபோல் தங்கி, கிருமித் தொற்றுக்கும் தாங்க முடியாத எரிச்சலுக்கும் இடமாகிறது. சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வழிவதைப் பார்த்து, "அதுவா போயிருது" என்று வீட்டார் நிம்மதி அடைவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் நிரம்பி வழிவதுதான், பை காலியாவதில்லை. எனவே நாளுக்கு இரண்டு மூன்று முறை கையால் அழுத்தி அதை வெளியேற்ற வேண்டும். முயலைத் துண்டின் மேல் இயல்பாக உட்கார்ந்த நிலையில் நிறுத்தி, இரு கைகளின் விரல்களையும் அடிவயிற்றின் இரு பக்கங்களிலும் தட்டையாக வைத்து, எலுமிச்சம்பழம்போல் உருண்டு நிற்கும் பையைக் கண்டுபிடித்து, மெல்ல, சீராக, பின்னோக்கி அழுத்த வேண்டும். அவசரப்பட்டு விரல்நுனியால் குத்தினால் பை கிழிந்துவிடும். சிறுநீர் வரத் தொடங்கியதும் கையை எடுக்காமல் அதே அழுத்தத்தில் காத்திருக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்துக் கற்பிக்க முடியாது. வளர்ப்பவரின் விரல்களின் மேல் என் விரல்களை வைத்து, பை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை அவர் கை அறியும்வரை நான் செய்துகாட்டுவேன். அந்த ஆசிரியை அடுத்தடுத்த காலைகளில் வந்து கற்றுக்கொண்டார். என் உதவியின்றி அவரே முழுவதையும் வெளியேற்றிய அன்று அவர் முகத்தில் இருந்த உறுதியைப் பார்த்த பிறகுதான், பஞ்சு பிழைக்கும் என்று நான் நம்பத் தொடங்கினேன்.

உணவையும் இதை வைத்தே மாற்றினோம். முயலுக்கு நல்லது என்று நம் வீடுகளில் அன்போடு கொடுக்கப்படும் அகத்தியும் முருங்கைக்கீரையும், பண்ணைகளில் கொடுக்கப்படும் குதிரைமசாலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாத முயலுக்கு அவை அன்றாட உணவாக இருக்கக் கூடாது. இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில் இல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாக விற்கும் அருகம்புல்லை நன்கு கழுவி, நிழலில் உலர்த்தி, தட்டு நிறைய வைக்கச் சொன்னேன். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை, அவற்றைத் தேய்ப்பதற்கும் குடலை ஓடவைப்பதற்கும் புல்லின் நாரைவிடச் சிறந்தது இல்லை. கீரைகளை நீர் சொட்டச் சொட்டக் கொடுத்தால் சிறுநீர் நீர்த்து ஓடும். அரைநாள் முழுவதும் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், அது இரவானாலும் மருத்துவரைத் தேட வேண்டிய நெருக்கடி என்பதை ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பலரும் அறியாத இன்னொன்று, முயல் தன் மென்புழுக்கையைத் தானே தின்னும் விலங்கு என்பது. பெருங்குடலின் முற்பகுதியில் நொதித்து உருவாகும் பளபளப்பான, கொத்தான அந்தப் புழுக்கையில் புரதமும் பி வகை வைட்டமின்களும் உள்ளன. முயல் அதைக் கீழே விழவிடாமல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துக்கொள்கிறது. முதுகு வளையாத முயலால் குனிந்து எடுக்க முடியாது, அது பின்புற மயிரில் ஒட்டி அழுகத் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் அதைச் சுத்தமாக எடுத்து ஒரு தட்டில் வாயருகே வைத்தால் பெரும்பாலான முயல்கள் உடனே தின்கின்றன. முதலில் அருவருத்தவர்கள்கூட, அது அந்த உயிரின் உணவு என்று அறிந்ததும் தயங்காமல் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மதுரையின் வெயிலில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது ஈதான். சிறுநீரில் நனைந்த மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்து தோலைத் துளைக்கின்றன. உணர்ச்சியற்ற பின்னுடலில் நடப்பது முயலுக்கே தெரியாது. எனவே தொடை இடுக்கையும் வாலின் அடியையும் காலையும் மாலையும் விரித்துப் பார்க்க வேண்டும், அங்குள்ள மயிரைக் கத்தரித்துவிட வேண்டும். முழு உடலையும் குளிப்பாட்டக் கூடாது, முயல் அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் இல்லாமல் ஒற்றியெடுக்க வேண்டும். சிறிதளவு அழுக்கு என்றால் சோளமாவைத் தூவித் துலக்கினாலே போதும். உண்ணி, தெள்ளுப்பூச்சி என்று நாய்களுக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயல்மேல் அடிக்கவே கூடாது, அது முயலைக் கொல்லக்கூடும். படுக்கைக்கு விலையுயர்ந்த விரிப்பு தேவையில்லை. ரப்பர் ஷீட்டின் மேல் தடித்த துண்டு ஒன்றும் அதன்மேல் ஈரத்தைக் கீழே கடத்திவிடும் ஃப்ளீஸ் துணியும் விரித்து, நனைந்த உடனே மாற்றினால் போதும். ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பெலும்பு முனையிலும் குதிகாலிலும் புண் வரும் என்பதால் சில மணிநேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். முயலுக்கு வியர்ப்பதில்லை, பெரும்பாலும் காதுகளின் வழியாகத்தான் அதன் சூடு தணியும், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் அது போதாது. நிழலுக்குத் தானே நகர முடியாத முயலை மதிய வேளையில் ஜன்னலோரம் விட்டுவிட்டு வெளியே போவது உயிருக்கு ஆபத்து.

வலியை அடக்கும் மருந்து, கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி, சுருட்டிய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துச் சிறிது நேரம் நிற்கவைத்தல் ஆகியவை தொடர்ந்தன. முறிவு ஆறும்வரை சில வாரங்கள் பஞ்சுவைச் சிறிய இடத்தில் அடக்கி வைத்திருந்தோம். பிறகு சக்கரவண்டி செய்து பார்த்தோம். அது மாட்டிக்கொண்டு நிற்க விரும்பவில்லை, வழுக்காத பாயின் மேல் முன்னங்கால்களால் இழுத்துச் செல்வதையே விரும்பியது. அதை வற்புறுத்தவில்லை.

எல்லா வீடுகளிலும் இது கைகூடுவதில்லை. இருவரும் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீட்டில் நண்பகல் சிறுநீரை யார் எடுப்பது என்பதற்குப் பதில் இல்லாதபோது, அன்பு குறைவு என்று நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பல்லை நறநறவென்று கடித்து, கண்ணை அரைகுறையாக மூடி, புல்லைத் தொடாமல் ஒடுங்கிக் கிடக்கும் முயல் வலியில் இருக்கிறது. மருந்துக்கும் பராமரிப்புக்கும் பிறகும் அது அப்படியே நீடித்தால், வலியின்றி உயிரை முடித்துவைப்பது குறித்து நானே பேச்சை எடுக்கிறேன். அந்தப் பேச்சை வளர்ப்பவர் தொடங்கட்டும் என்று மருத்துவர் காத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கால் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, காதை நிமிர்த்திக் கொத்தமல்லிக்கு முண்டியடிக்கும் முயலுக்கு அந்த ஊசியைப் போட நான் உடன்படுவதில்லை.

பஞ்சு அடுத்த தீபாவளியையும் கண்டது. அன்று இரவு அதைக் கூண்டில் விடாமல், உள்ளறையில் ஜன்னல்களைச் சாத்தி, தரையில் மெத்தை விரித்து அருகிலேயே படுத்திருந்ததாக அந்த அம்மா சொன்னார். இடையில் அவர் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தபோது, சிறுநீர் எடுக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாமல் தவித்து, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியை என்னிடம் அனுப்பினார், அந்தப் பெண் இரண்டே வருகைகளில் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து, பின்கால் செயலிழந்த முயலோடு யார் வந்தாலும், அடுத்த முறை வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ இன்னொருவரையும் கூட்டிவரச் சொல்லி, இருவர் கைக்கும் பழக்கிவிடுகிறேன்.