வளைந்த ஜன்னல், வளையாத பிளைண்ட்ஸ்

சிங்கப்பூரில் மறுவிற்பனைக் கொண்டோமினியம் வீடு பார்க்கப் போகிறவர்கள் எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம், குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம், வெயில் எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஜன்னலுக்குத் திரை போட முடியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை. பிடோக் வட்டாரத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் மாமியாரின் அறைக்கு வாய்த்தது வளைந்த பே விண்டோ. சுவரைவிட்டு வெளியே புடைத்து, உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணையோடு இருக்கிறதே, அந்த வகை.

பழைய கொண்டோமினியங்களில் இந்த ஜன்னல் ஏன் இத்தனை இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்தத் திண்ணைப் பரப்பைக் கட்டடத்தின் மொத்தத் தளப் பரப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். கட்டுகிறவருக்கு அனுமதிக் கணக்கில் வராத இடம், வாங்குகிறவருக்கோ சதுர அடி விலையில் சேர்ந்துவிடும் இடம். 2009 முதல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அதையும் தளப் பரப்பில் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. அதன்பின் வந்த கட்டடங்களில் பே விண்டோ அருகிவிட்டது. ஆக, இந்தத் தலைவலி பெரும்பாலும் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

எங்கள் ஜன்னல் மேற்கு பார்த்தது. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் ஒரு மணியளவில்தான், ஏனென்றால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் மேற்கு ஜன்னலில் மூன்று மணிக்குத் தொடங்குகிற வெயில் ஏழு மணி வரை போகாது. மாமியார் மதியம் படுத்து எழும் நேரமும் அதுதான். காலையிலோ அவருக்கு அந்தத் திண்ணைதான் உலகம். தமிழ் முரசு நாளிதழை விரித்துக்கொண்டு, கீழே பள்ளிப் பேருந்துகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “நீ என்ன வேண்டுமானாலும் போடும்மா. இந்தத் திண்ணையை மட்டும் மறைத்துவிடாதே” என்றார். காலையில் திறந்த திண்ணை, மதியம் இருட்டு, இரண்டும் வேண்டும். விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் இழுத்து மூடுவது சுலபமாகவும் இருக்க வேண்டும்.

முதலில் வந்து பார்த்த கடைக்காரர், இப்போது எல்லாரும் விரும்புகிற வரிவரியான கொரிய பிளைண்ட்ஸை, அதாவது மேலே சுருண்டு ஏறும் மறைப்பை, மூன்று துண்டாகப் போடலாம் என்றார். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலை உற்றுப் பார்த்தால் ஒன்று புரிந்துவிடும். கண்ணாடி வளைந்ததே இல்லை. நான்கு தட்டைக் கண்ணாடிச் சட்டங்களைச் சிறு சிறு கோணத்தில் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மேலே கூரையும் கீழே திண்ணையின் விளிம்பும் மட்டும்தான் உண்மையான வளைவு. நான்கு சட்டத்துக்கு மூன்று பிளைண்ட்ஸ் என்றால் ஒவ்வொரு சேர்க்கையும் கண்ணாடியின் நடுவில் வந்து விழும்.

சரி, சட்டத்துக்கு ஒன்றாக நான்கு போட்டால் என்ன? சுருளும் எந்த பிளைண்ட்ஸுக்கும் மேலே இருக்கும் குழாய் நேரானது, அது வளையாது. குழாயின் இரு முனையிலும் தாங்கி இருப்பதால் துணி எப்போதும் குழாய்த் தொகுதியைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறுகலாகத்தான் இருக்கும். மூலையில் இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மேற்கு வெயில் அந்த இடுக்குகள் வழியாக மூன்று நெடுங்கோடுகளாகக் கட்டிலில் வந்து படுக்கும். அதற்குமேல், இழுக்க நான்கு சங்கிலிகள். மூட்டு வலிக்காரருக்கு நான்கு சங்கிலியா? பேரக்குழந்தைகள் வந்து ஏறி விளையாடுகிற திண்ணையில் தொங்கும் சங்கிலி கழுத்தில் சுற்றும் ஆபத்து வேறு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. துணி மடிப்பு மடிப்பாக மேலேறும் ரோமன் பிளைண்டுக்கும் இதே கதைதான். செங்குத்துப் பட்டைகள் கொண்ட பிளைண்ட்ஸ் வளைந்த டிராக்கில், அதாவது மேலே பொருத்தும் தண்டவாளம் போன்ற சட்டத்தில், ஓடும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் பல் மருத்துவமனை நினைவு வந்தால் எப்படி?

மிச்சம் துணித் திரைச்சீலை. அதிலும் வளையம் பதித்துக் கம்பியில் கோக்கும் வகை வளைவுக்கு ஆகாது. வளைந்த கம்பிக்கு நடுவில் தாங்கி வேண்டும், வளையம் அதைத் தாண்டி நகராது. டிராக்கில் சிறு உருளைகளில் தொங்கும் திரைதான் வளைவில் ஓடும். கடைகளில் எஸ்-ஃபோல்டு என்று கேட்டால் காட்டுவார்கள். மடிப்பு அலையலையாக விழும் வகை அது.

அடுத்து வந்த கடைகள் எல்லாம் பகல் திரை, இரவுத் திரை இரண்டையும் வளைவிலேயே அடுத்தடுத்துப் போடச் சொன்னார்கள். இங்குதான் அளவுநாடாவை எடுத்துத் திண்ணையின் ஆழத்தைப் பார்த்தேன். நடுவில் 50 சென்டிமீட்டர், இரு ஓரங்களிலும் 20 மட்டுமே. எஸ்-ஃபோல்டு அலை ஒன்று முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். இரண்டு அடுக்கு என்றால் ஓரங்களில் துணி திண்ணையைத் தாண்டி அறைக்குள் பிதுங்கும். திறந்து வைத்தாலும் இரு பக்கமும் துணிக் குவியல், நடுவில் மாமியார்.

யோசித்துப் பார்த்ததில் விடை வேறு பக்கம் இருந்தது. வளைந்த ஜன்னல் என்பதற்காக எல்லாத் திரையும் வளைந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெல்லிய பகல் திரை மட்டும் வளைவை ஒட்டித் திண்ணை வரை தொங்கட்டும். கனமான இரவுத் திரை திண்ணைக்கு முன்னால், அறையின் சுவரோடு சுவராக நேராக ஓடித் தரை வரை இறங்கட்டும். காலையில் இரவுத் திரையைத் திறந்து இரு பக்கச் சுவரிலும் ஒதுக்கிவிட்டால் திண்ணை முழுதும் மாமியாருக்கு. மதியம் மூடினால் திண்ணையும் அதன் வெக்கையும் திரைக்கு அந்தப் பக்கம், குளிர்சாதனக் காற்று இந்தப் பக்கம். கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிட்ட வெயிலை எந்தத் துணியும் முழுதாகத் திருப்பி அனுப்பாது, அது தெரிந்ததுதான். ஆனாலும் சூடான காற்றை ஒரு பக்கமாக அடைத்து வைக்கும். செலவிலும் இது சிக்கனம். வளைத்த டிராக் ஒன்று போதும், மற்றது சாதாரண நேர் டிராக். பின்னால் மோட்டார் பொருத்த நினைத்தாலும் நேர் டிராக்கில் அது சின்ன வேலை.

இதைச் சொன்னபோது இரண்டு கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, வளைத்த டிராக் விற்பனையில் ஒன்று குறைகிறதே! மூன்றாவதாக வந்தவர் தலையாட்டிவிட்டு, “முதலில் டிராக்கைப் பேசுவோம், துணியை அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு வேலையைக் கொடுத்தோம்.

அளவெடுக்க வந்தவர் அறுபதைத் தாண்டிய சீனர். அங்கிள் என்றே அழைத்தோம். அவரும் மாமியாரும் அந்தக் காலத்துப் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேசிக்கொண்டதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திண்ணை விளிம்பின் வளைவை அளந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் திண்ணையைத் தொடவே இல்லை. பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை விரித்துக் கூரையில் நாடாவால் ஒட்டினார். கண்ணாடிச் சட்டத்தின் கைப்பிடி எவ்வளவு துருத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். பிறகு புள்ளிகளை ஒரே இழுப்பில் சேர்த்தார். கீழே இறக்கித் திண்ணையின் மேல் வைத்தபோதுதான் தெரிந்தது, கூரையின் வளைவும் திண்ணையின் வளைவும் ஒன்றல்ல. ஓரத்தில் இரண்டு விரல்கடை வித்தியாசம். டிராக் ஓடுவது மேலே, ஆகவே காகிதமும் மேலேதான்.

கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசும்போதே வளைவைச் சொல்ல ஒரு வழி உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஒரு கயிறு பிடியுங்கள். நடுவில் கயிற்றிலிருந்து வளைவு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது நேராக 240 சென்டிமீட்டர், நடு ஆழம் 30. அகலத்தின் பாதியை வர்க்கமாக்கி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்து, ஆழத்தின் பாதியைக் கூட்டினால் வளைவின் ஆரம் கிடைக்கும். 14,400ஐ 60ஆல் வகுத்தால் 240, அதோடு 15 சேர்த்தால் 255 சென்டிமீட்டர். இது தளர்வான வளைவு, டிராக்குக்குச் சிரமமே இல்லை. ஆரம் சிறுக்கச் சிறுக்க வேலை கடினமாகும். வளைவின் நீளம் கிட்டத்தட்ட 250 சென்டிமீட்டர் வந்தது. எஸ்-ஃபோல்டுக்கு இருமடங்கு துணி என்று கணக்கு வைத்தால் ஐந்து மீட்டர்.

விலைப்பட்டியலில் ஒரு வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும். மலிவாகச் சொன்ன ஒரு கடை, நேரான துண்டுகளை மூலை இணைப்புகளால் கோத்து வளைவாக்கித் தருவதாக எழுதியிருந்தது. இணைப்பு இருக்கும் இடத்தில்தான் உருளைகள் தடுக்கும். மூட்டு வலிக்காரர் இழுக்கிற திரையில் அது ஆகாது. “ஒரே துண்டாக வளைத்த அலுமினிய டிராக், இணைப்பு இல்லை” என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுத்தேன்.

டிராக் வளைப்பதை ஊபியில் உள்ள பட்டறையில் பார்க்கலாம் என்று கூப்பிட்டார்கள், போனேன். மூன்று சக்கரங்கள் கொண்ட கைப்பொறி. இரண்டு சக்கரம் கீழே, ஒன்று மேலே. டிராக்கை நடுவில் நுழைத்து, மேல் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எடுத்து நம் பழுப்புக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக அழுத்தினால் டிராக்கின் வாய் நெரிந்துவிடும், பிறகு உருளை நுழையாது. முடிந்ததும் அந்தத் தம்பி ஓர் உருளையைப் போட்டு, டிராக்கைச் சாய்த்துப் பிடித்தார். உருளை தானாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதுதான் சோதனை.

துணிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. துணிக்கடைகள் நிறைந்த ஜூ சியாட் காம்ப்ளெக்ஸில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தேன். நோன்புப் பெருநாள் நெருங்கும் மாதத்தில் மட்டும் போகாதீர்கள், நிற்க இடமிருக்காது, தைப்பவர்களுக்கும் நேரமிருக்காது. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னாலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். பகல் திரைக்கு லினன் எடுக்க ஆசை இருந்தது. ஆனால் லினன் ஈரத்தை உறிஞ்சினால் நீள அகலம் மாறும். நம் ஊர் ஈரப்பதத்தில், திண்ணைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டிய திரைக்கு அது சரிவராது. பாலியஸ்டர் ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய துணி போதும் என்று விட்டேன். 280 சென்டிமீட்டர் அகலச் சுருளைப் பக்கவாட்டில் திருப்பித் தைத்தால் நடுவில் ஒட்டே வராது. இரவுத் திரைக்கு, பின்னால் ரப்பர் போலப் பூச்சு பூசிய முழு இருட்டுத் துணி வேண்டாம் என்றேன். ஈரத்திலும் வெயிலிலும் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும். நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்த துணியே மதியத் தூக்கத்துக்குப் போதுமான இருட்டைத் தருகிறது. கண்ணாடிப் பக்கம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும், வெயில் கொஞ்சமாவது திரும்பும். எங்கள் கொண்டோமினிய நிர்வாகத்தின் விதியும் அதுதான், வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை அல்லது கிரீம் மட்டும். கண்ணாடியில் வெயில் தடுப்புப் படலம் ஒட்டவும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்பதால் அதைத் தள்ளி வைத்தோம்.

பொருத்தும் நாளில் முதல் சண்டை மின்தூக்கியோடு. வளைந்த டிராக் நேராக நின்றால் கூரையில் முட்டுகிறது, படுத்தால் கதவு மூடவில்லை. மூலைவிட்டமாகச் சாய்த்து, இரண்டு பேர் சுவரோடு ஒட்டி நின்று ஏற்றினார்கள். துளை போடும் சத்தத்துக்காக நிர்வாகத்திடம் முன்கூட்டியே வார நாள் அனுமதி வாங்கியிருந்தோம். பே விண்டோவுக்கு முன்னால் கான்கிரீட் உத்தரம் ஒன்று ஓடுகிறது, இரவுத் திரையின் டிராக் அதன் முகத்தில் ஏறியது. அங்கே ஜிப்சம் பலகையாக இருந்திருந்தால் உள்ளே மரப்பலகை வைத்துத்தான் திருகாணி அடிக்க வேண்டும். வெறும் ஜிப்சம் கனமான திரையைத் தாங்காது.

அங்கிள் லேசர் கோட்டை ஓடவிட்டு, கூரை எங்கெங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குமேல் தொங்கியிருந்தது. உடன் வந்த இளைஞர், அந்த இடத்தில் துணியின் கீழ்மடிப்பைக் கொஞ்சம் உயர்த்தித் தைத்துவிடலாம் என்றார். அங்கிள் சிரித்தார். திரை நகர்கிற பொருள். மூடும்போது ஒரு பகுதி நடுவில் இருக்கும், திறக்கும்போது அதே பகுதி ஓரத்துக்குப் போய்விடும். நடுவுக்கென்று தைத்த உயரம் ஓரத்தில் காலை வாரிவிடும். அதனால் டிராக்கையே மட்டமாக்க வேண்டும். கூரை உயர்ந்திருக்கும் ஓரங்களில் டிராக்குக்கு மேல் சிறு தகடுகளைச் செருகி இறக்கி, லேசர் கோட்டோடு சேர்த்த பிறகே திருகாணியை இறுக்கினார். தகடுகள் தெரியும் இடைவெளியை வெள்ளைப் பசையால் மூடிவிட்டார்கள்.

இரவுத் திரையை ஜன்னல் திறப்பைவிட இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் நீட்டித் தைத்திருக்கிறோம், பக்கவாட்டு வெளிச்சம் அடைபட்டது. உத்தரத்துக்கும் துணிக்கும் நடுவில் மேலே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வருகிறது. அதற்குப் பெட்டி அடிக்கலாமா என்று கணவர் கேட்டார். மாமியார் வேண்டாம் என்றுவிட்டார், மணி நாலாகிவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாராம். திரையைக் கையால் பிடித்து இழுக்காமல், முன் ஓரத்தில் தொங்கும் கோலைப் பிடித்து நகர்த்துகிறார். துணியும் அழுக்காவதில்லை. மோட்டாருக்காக உத்தரத்தின் ஓரமாக மின்கம்பி மட்டும் இழுத்து வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ளலாம். பழுப்புக் காகிதத்தை அங்கிள் மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துணி கிழிந்தாலும் டிராக் நிற்கும், டிராக்கே போனால் இதைக் காட்டினால் போதுமாம்.