மூன்றாம் வகுப்பில் சத்தமாக வாசிக்கிறோம்

ஜூலை 8, திங்கள்

ஒரு சிறுமி பாடத்தை மடமடவென்று படித்தாள். விரல் மூன்றாம் வரியிலேயே நிற்க, வாய் ஏழாம் வரிக்குப் போய்விட்டது. எல்லாம் மனப்பாடம். கூட்டாகச் சொல்லச் சொல்லிப் பழக்கியது நான்தான், வருத்தமாக இருந்தது. அதே பாடத்துச் சொற்களைப் பலகையில் தனித்தனியாக எழுதினேன். ‘தொட்டி’யைத் ‘தெட்டி’ என்றாள். முன்னால் நிற்கும் கொம்பைக் கண்டதும் வாய் முந்திக்கொள்கிறது, பின்னால் வரும் கால் கண்ணில் படுவதற்குள்.

ஜூலை 10, புதன்

பாடநூலை மூடிவைத்தோம். எழுத்துள்ள எதையாவது வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருந்தேன். பிஸ்கட் உறை, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை. பத்திரிகைக்குத்தான் போட்டி. ‘நிகழும் மங்களகரமான’ என்பதில் ஒரு பையன் நாலு தடவை தடுக்கினான். திரும்பப் படி என்று யாரும் சொல்லவில்லை, அவனாகவே படித்தான். ஐந்தாம் தடவை, மைக்கில் அறிவிப்பதுபோல் ஒரே மூச்சில் வந்தது.

ஜூலை 16, செவ்வாய்

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தேன். தமிழுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. ‘பூ’ ஒரு சொல், ஒரே எழுத்து. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதும் ஒரு சொல்தான், பத்து எழுத்து. நீளமான சொல் உள்ள பத்தி கிடைத்த பிள்ளை மெதுவாகப் படிப்பதாகத் தெரிகிறது. இனி எழுத்தை எண்ணலாம். நீளச் சொல்லைப் பென்சிலால் பிரித்தும் காட்டினேன்: வந்து / கொண்டிருந்தான். மூச்சு எங்கே விடுவது என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

கடைக்காரர், பாட்டி பேசும் உரையாடல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ‘என்ன விலை சொல்கிறாய்?’ என்பதைப் பாட்டியாக நின்றவன் ‘என்ன வெல சொல்ற?’ என்று படித்தான். திருத்தவில்லை. பொருள் புரியாமல் பேச்சுத் தமிழுக்கு மாற்ற முடியாதே! முடித்த பிறகு, எழுத்தில் எப்படி இருக்கிறது என்று சேர்ந்து பார்த்தோம். அப்புறம் தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் முதல் படியான ‘நுழை’ புத்தகங்களை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒருவர் படிக்க, மற்றவர் விரல் வைத்துத் தொடர்ந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

விடுகதைச் சீட்டுகள். நிறுத்தம் இல்லாமல் ஓட்டினால் யாருக்கும் விடை வராது. அதைப் பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். முதல் நாள் மனப்பாடமாய்ச் சொன்னவள் சீட்டை வாங்கி, முதல் எழுத்தில் விரலை வைத்து, உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். பிறகு சத்தமாக: “தொட்டுப் பார்க்கலாம்…” நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள். “எட்டிப் பார்க்க முடியாது.”

வகுப்பே கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொட்டது.