சிக்னல் இல்லாத மலையில் ஒரு பண்ணை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் சிக்னல் போய்விடும். அக்கா வீட்டில் மழை பிடித்தால் மின்சாரமும் போய்விடும். அங்கே எனக்குத் துணை ஸ்டார்டியூ வேலி என்ற வீடியோ விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் ஓவியம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்டது. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், இணையம் கேட்காது.

விளையாட்டில், தாத்தா விட்டுச்சென்ற பண்ணையில் காலை 6 மணிக்கு எழ வேண்டும். பின்னிரவு 2 மணிக்குள் படுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே மயங்கி விழ வேண்டியதுதான். பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறினால் பெரும்பாலான பயிர்கள் பட்டுப்போகும். இது தெரியாமல் வசந்தத்தின் 27ஆம் நாள் காலிஃபிளவர் விதைத்தேன். தோட்டம் வைத்திருக்கும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மான்யுமென்ட் வேலி என்ற இன்னொரு விளையாட்டு கொள்ளை அழகு, ஆனால் ஒரே மாலையில் முடிந்துவிட்டது.

ஒருமுறை முழு விலைக்கு வாங்கிய வேறொரு விளையாட்டு, மலையேறியதும் ‘உள்நுழையவும்’ என்று நின்றுவிட்டது. இப்போதெல்லாம் கிளம்பும் முன் இணையத்தை அணைத்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.