விடிந்தால் படுகளம்

கூத்துக்கு ஆள் சேர இரவு முழுக்க ஆகும். கலையக் கால் மணி நேரம் போதும். பெருஞ்செல்வம் வருவதும் போவதும் ‘கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே’ என்று நிலையாமை அதிகாரத்தில் (குறள் 332) வள்ளுவர் சொன்னதை, செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம்.

சீசன் பங்குனி முதல் ஆனி வரை. தேதி ஊருக்கு ஊர் மாறும், சுவரில் ஒட்டிய நோட்டீஸை நம்புங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ஒரே நாள்தான் முடியும் என்றால், துரியோதனன் விழும் பதினெட்டாம் போர் ராத்திரி. முதலில் மத்தளமும் தாளமும் முகவீணை என்ற ஊதுகுழலுமாகக் களரி கட்டுவார்கள், அதாவது வாசித்துக் களம் தொடங்குவார்கள், பிறகு கதையை அறிவித்துச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன். இதைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று எழுந்து போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். துரியோதனன் வர நேரமாகும். இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரைக்குப் பின்னாலேயே பாடி, ஆடி, மெதுவாகத்தான் முகம் காட்டுவான்.

ஒப்பனை நடக்கும் இடத்துக்குக் கேட்டுக்கொண்டு போங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டை, மேலே கண்ணாடிச் சில்லு. எடை குறைவு என்பதால்தான் அந்தச் சுற்றுச் சுற்ற முடிகிறது. கயிறு தளர்ந்தால் ராஜாவின் கிரீடம் காதுக்கு வந்துவிடும். சாவு வீட்டுக் காரியத்துக்கும் கூத்து வைக்கும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அங்கே கர்ணன் சாகும் கதையான கர்ண மோட்சம்.

விடிந்ததும் தூங்கப் போய்விடாதீர்கள், படுகளம் அப்போதுதான். திடலில் மண்ணைக் குவித்து, ஈரமண் பூசி, வண்ணம் தீட்டிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பல ஆள் நீளம். வெயில் ஏறினால் பூச்சு வெடிக்கும். தொடைப் பக்கம் நின்றால்தான் எல்லாம் தெரியும். ஆனால் பீமன், துரியோதனன் வேஷக்காரர்கள் கதாயுதத்தோடு அந்த உடம்பைச் சுற்றியே ஓடுவார்கள், வழி விடுங்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும், திரௌபதி கூந்தலை முடிவாள். அடுத்த நிமிஷம் கூட்டம் மண்ணின் மேல் விழும். நெல் குதிரில் போட ஆளுக்கு ஒரு பிடி. கிரீடம் எது, கால் எது என்று அப்புறம் தேட முடியாது.

சாயந்திரம் தீமிதி. அதற்குள் நிழலில் ராஜா வேஷம் கலைத்துக்கொண்டிருப்பார். வெறும் தண்ணீருக்கு அந்தச் சாயம் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டும்.